உயிருள்ள சரக்கு

அலுவலகத்தில் அவனுக்கு ஒத்தாசை என்று பெயர். யார் வந்தாலும், "என்ன ஒத்தாசை வேணும், சொல்லுங்க" என்று பேச்சைத் தொடங்குவதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவன் வேலையும் அதுதான். மருந்து, தடுப்பூசி, பரிசோதனைக் கருவி என்று உயிரியல் சார்ந்த தொழில் தொடங்க வருகிறவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்து, மின் இணைப்பு வாங்கிக் கொடுத்து, எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று கைப்பிடித்துக் கூட்டிப்போக அரசாங்கம் ஒரு மையம் திறந்திருந்தது. ஊருக்கு வெளியே புது வண்ணம் பூசிய மூன்று மாடிக் கட்டடம். பாதிக்கு மேல் காலி. அந்தத் துறை நாட்டில் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. அதற்குள் ஓட வைத்துவிட வேண்டும் என்று மேலிடத்துக்கு அவசரம்.

"வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்களக் கூட்டிட்டு வாங்கய்யா" என்று இயக்குநர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். ஒத்தாசைக்குத் தெரிந்த வெளிநாட்டு ஆள் ஒரே ஒருத்திதான். அவன் அக்கா.

அக்கா அங்கே ஒரு பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் தோல் வளர்த்துக்கொண்டிருந்தாள். தீக்காயம் பட்டவர்களுக்கான தோல். பொட்டளவு தோலிலிருந்து செல்களைப் பிரித்து, தீனி போட்டுப் பெருக்கி, வெங்காயச் சருகு போல மெல்லிய விரிப்பாக வளர்த்தெடுப்பாள். யார் உடம்பில் வைத்தாலும், காயம் ஆறுகிறவரை தாக்குப்பிடிக்கும் செல் வகை ஒன்று பல வருஷத் தேடலில் அவள் கையில் சிக்கியிருந்தது. "பாதி உழைப்பு, பாதி குருட்டு அதிர்ஷ்டம். இன்னொரு தடவை கேட்டா எனக்கே செய்யத் தெரியாது" என்பாள்.

அவன் தொலைபேசியில் அவளை விடாமல் நச்சரித்தான்.

"இங்க அடுப்படியில தீப்பிடிச்சு வர்ற பொம்பளைங்களுக்கு வெறும் துணியைச் சுத்தி விடறாங்கக்கா. நீ வந்தா எத்தனை பேரு பொழைப்பாங்க!"

"வரலாம்டா. நிஜமாவே எல்லாம் செஞ்சு தருவீங்களா? இல்ல பேச்சோட சரியா?"

"நான் இருக்கேன்ல! நீ வந்து லைட்டைப் போட்டா போதும்."

அந்த நேரம் பார்த்து அங்கே அவளுடைய சோதனைக்கூடத்தை வேறொன்றோடு இணைத்துவிட்டு, பழைய உறைபெட்டிகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். அவளுடைய செல்களை எடுத்துப்போக அனுமதி கிடைத்தது. ஒரே தடவை, ஒரே சரக்காக. மிச்சத்தை வைத்திருக்க அவர்களுக்கு இடமில்லை. அக்கா சரி என்றாள். அவளும் மாமாவும் வீட்டைக் காலிசெய்துவிட்டு வந்து இறங்கினார்கள். மாமா கணக்காளர். வாய் சும்மா இருக்காது. "உங்கக்கா என்னை சீட்டுல உக்கார வெச்சா. அந்தச் செல்லுங்களுக்குத்தான் தனி விமானம் கேட்டா" என்று விமான நிலையத்திலேயே சிரிக்க வைத்தார்.

மையத்தின் இரண்டாம் மாடியில் சோதனைக்கூடம் தயாரானது. ஒத்தாசை காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தான். காற்று வடிகட்டி, நுண்ணோக்கி, செல் வளர்க்கும் பெட்டி எல்லாம் வந்தன. அந்தச் சூட்டுப் பெட்டியை அக்கா முன்கூட்டியே ஓடவிட்டு, உள்ளே எப்போதும் உடம்புச் சூடு இருக்கும்படி பழக்கினாள். ஊர்ப் பெரிய மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு மருத்துவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எப்ப தருவீங்க மேடம்? என் வார்டுல காத்திருக்கவங்க நாள் கேக்கறாங்க" என்றார்.

கூடம் தயாரானதும் அங்கிருந்து அனுப்பச் சொன்ன சரக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தகவல் வந்த அன்று மூவருமே சரக்குக் கிடங்குக்குப் போனார்கள். பார்ப்பதற்குப் பால் கேன் மாதிரி ஒரு அலுமினியக் கலம். உள்ளே திரவ நைட்ரஜனின் குளிரில் சின்னஞ்சிறு குப்பிகள். மூடியில் ஒரு குட்டித் திரை குளிரின் அளவைக் காட்டியது. மைனஸ் நூற்றெண்பதுக்கும் கீழே. "நல்லா தூங்கறாங்க. ஒரு வாரத்துக்கு மேல தாங்கும்" என்றாள் அக்கா.

சுங்கக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"இது என்னதுங்க?"

"மனுஷத் தோல் செல் சார்" என்றான் ஒத்தாசை.

"செத்தவங்களோடதா?"

"ஐயோ, இல்லைங்க. உயிரோட இருக்கு!"

பெருமையாகத்தான் சொன்னான். அவர் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.

"உயிரோடவா?" என்று திரையைப் பார்த்தார். "உயிருள்ள சரக்குன்னா விலங்குத் தொற்றுத் தடுப்புல கையெழுத்து வாங்கணுமே."

மாமா சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பதிவுசெய்தார்: உயிருள்ளது.

அந்த ஒரு சொல்லோடு கிடங்கின் கம்பிவலைக்குப் பின்னால் போன கலம் வெளியே வரவில்லை.

விலங்குத் தொற்றுத் தடுப்பு அலுவலர் செல்களின் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வாலும் இல்ல, காலும் இல்ல. மனுஷன் எங்க பட்டியல்ல வர மாட்டான். சுகாதாரத் துறைக்குப் போங்க." சுகாதாரத் துறையில், "இது மருந்துதானே? மருந்துக் கட்டுப்பாட்டுக்குப் போங்க" என்றார்கள். மருந்துக் கட்டுப்பாட்டில் ஒரு அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"எந்த வியாதிக்கு, எத்தனை வேளைங்க?"

"இது மருந்து இல்ல மேடம். இதுலேருந்துதான் செய்யணும்."

"அப்ப செஞ்சதுக்கப்புறம் வாங்க."

திரும்பவும் சுகாதாரத் துறை. அங்கே ஒருவழியாகப் பழைய ஆணை ஒன்றைத் தேடி எடுத்தார்கள். உயிருள்ள மனிதப் பொருள் எதுவானாலும் நிபுணர் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும்.

"குழு எப்ப கூடுதுங்க?" என்று கேட்டான்.

"குழு இன்னும் போடலைங்க. போடணும்னு ஆணை மட்டும் வந்திருக்கு."

இத்தனை நாளும் வந்தவர்களுக்கெல்லாம் அவன் வழிகாட்டியது இதே மேசைகளுக்குத்தான். அவர்கள் கொண்டுவந்தவை எல்லாம் பெட்டியில் வந்த கருவிகள், புட்டியில் வந்த வேதிப்பொருள்கள். ஏதாவது ஒரு பட்டியலில் அவற்றுக்குப் பெயர் இருந்தது. அக்காவின் செல்லுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை.

கிடங்கில் கலத்தைத் தொட விடவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்றார்கள். அக்கா தினமும் போய் நின்றாள். திரையில் எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"நைட்ரஜன் ஊத்தினா மறுபடி இறங்கிடும்டா. அது ஒண்ணு போதும். ஒரு கேன் கிடைக்குமா?"

அதை அவனால் செய்ய முடிந்தது. மாட்டுப் பண்ணைகளில் சினை ஊசிக்கான விந்தைத் திரவ நைட்ரஜனில்தான் வைத்திருப்பார்கள். நகரத்தின் மறுகோடியில் இருந்த பண்ணைக்குப் போய், அங்கிருந்த மருத்துவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு கேன் நிறைய வாங்கி, வாடகை வண்டியில் இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வந்தான். கிடங்கு வாசலில் தீத்தடுப்பு அலுவலர் நிறுத்தினார்.

"இத உள்ள கொண்டுபோக முடியாதுங்க. மூடின எடத்துல ஆவியானா மூச்சடைக்கும்."

"உள்ள இருக்கறதுலயும் இதேதான் சார் இருக்கு!"

"அது சீல் வெச்சது. விடுவிக்காத சரக்கோட சீலை உடைச்சா என் வேலை போயிடும். உங்களுக்கும் சிக்கல்." அவர் குரலில் கோபம் இல்லை. "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நான் என்ன பண்ண?"

ஒத்தாசை கேனைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். மூடியின் ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை கசிந்து, தரையில் கொஞ்சதூரம் தவழ்ந்து மறைந்தது.

இயக்குநருக்குத் தொலைபேசினான். "அமைச்சர் பயணத்துல இருக்காருப்பா. வந்ததும் முதல் வேலையா இதைச் சொல்றேன்" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை.

அதற்கு மேல் ஏறினால் செல்கள் சாகத் தொடங்கும் என்று அக்கா சொல்லியிருந்த மைனஸ் நூற்றுமுப்பதை எண் தாண்டிய அன்று அக்கா கண்காணிப்பாளரின் முன்னால் போய் நின்றாள். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செத்ததுன்னு வந்திருந்தா, சோதனைக்கு வந்த மாதிரிப் பொருள்னு அன்னைக்கே விட்டிருப்பேன் மேடம்."

"செத்ததுன்னே எழுதிக்கோங்க."

"அக்கா!" என்றான் ஒத்தாசை. "செத்ததுன்னு பதிவாயிட்டா நாளைக்கு அதுல செஞ்ச தோலை எந்த டாக்டரும் தொட மாட்டாருன்னு நீதானே சொன்னே?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அது பொழைக்கட்டும்டா."

கண்காணிப்பாளர் தலையைச் சொறிந்தார். "முதல்லயே உயிருள்ளதுன்னு ஏத்தியாச்சே. மாத்தணும்னா, நடுவுல செத்துப்போச்சுன்னு ஒரு சான்றிதழ் வேணும். அதைக் குடுக்க…" யார் கொடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிரிக்க வைக்கத்தான் நினைத்திருப்பார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கிவிட்டார்.

அமைச்சர் திரும்பி வந்தார். இயக்குநர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒரே மணி நேரத்தில் சிறப்பு ஆணை வந்தது. இந்த நாட்டில் அப்படி விடுவிக்கப்படும் முதல் உயிருள்ள சரக்கு என்பதால் இயக்குநர் புகைப்படக்காரரோடு கிடங்குக்கே வந்துவிட்டார். கலத்தை மேசைமேல் வைத்து, பக்கத்தில் அக்காவை நிற்க வைத்தார்கள். மூடியில் இருந்த திரையைக் குனிந்து பார்த்தது அவளும் ஒத்தாசையும் மட்டும்தான். மைனஸ் குறியே அதில் இல்லை. அறையில் எவ்வளவு வெப்பமோ அதே வெப்பம்தான் கலத்துக்குள்ளும்.

"மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றார் புகைப்படக்காரர்.

அக்கா சிரித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். கண்காணிப்பாளர் உண்மையான சந்தோஷத்தோடு வந்து கை குலுக்கினார். ஒத்தாசையும் தட்டினான். தட்டாமல் நிற்க அவனுக்குத் தெரியவில்லை.

அன்றே அக்கா குப்பிகளைத் திறந்தாள். ஒவ்வொன்றையும் கழுவி, தீனி நீரில் இட்டு, தட்டுகளில் ஊற்றி, சூட்டுப் பெட்டிக்குள் அடுக்கினாள். உயிருள்ள செல் தட்டின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு கால் பரப்பும். செத்தது மிதக்கும். மறுநாள் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தாள். "நீ பாரு" என்று நகர்ந்துகொண்டாள். அவன் பார்த்தான். உருண்டை உருண்டையாய் ஏதோ நீரில் அலைந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஒட்டவில்லை.

"இன்னும் நாலு நாள் விட்டுப் பாக்கலாமா?" என்றான்.

"பாக்கலாம்."

பார்த்தார்கள். தீனியை மாற்றினாள், வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாள். எதற்கும் அசையவில்லை. ஒரு காலையில் அவன் மாடியேறியபோது தட்டுகளையெல்லாம் கழிவுப் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். "பழைய எடத்துல ஒரு குப்பியாவது மிச்சம் வெச்சிருக்காங்களான்னு கேட்டியாக்கா?" என்று கேட்டான். கேட்டிருந்தாள். உறைபெட்டிகளையே பிரித்து விற்றுவிட்டார்களாம்.

தொழிலைச் சும்மா விட முடியாது, வாழ வேண்டுமே என்று மாமாதான் வழி பார்த்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் காயக்கட்டுத் துணிகளை இறக்குமதி செய்து மருத்துவமனைகளுக்கு விற்க ஆரம்பித்தார். துணிக்கு உயிரில்லை. சுங்கத்தில் ஒருநாளும் நிற்கவில்லை. வியாபாரம் சூடுபிடித்து, முதல் மாடியில் இரண்டு அறைகள் கூடுதலாக எடுத்தார்கள். "நம்ம மையத்துலயே வேகமா வளர்ந்த கம்பெனி உங்க அக்காவோடதுதாம்பா!" என்று இயக்குநர் தோளில் தட்டினார். ஆண்டுக் கூட்டத்தில் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக மாட்டினார்கள்.

அக்கா முதலிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்காமல் இல்லை. அறுவைசிகிச்சையில் வெட்டி எறிகிற தோலைத் தருவதாகத் தீக்காய மருத்துவரும் சொன்னார். ஆனால் அதுவும் உயிருள்ள மனிதப் பொருள்தான். நிபுணர் குழு அனுமதிக்க வேண்டும். குழுவுக்குப் பெயர்கள் போயிருக்கின்றன என்றார்கள். இரண்டு பெயர்கள் திரும்பி வந்துவிட்டன என்றார்கள். அந்தச் சிறப்பு ஆணையைக் காட்டினால், அது அந்த ஒரு சரக்குக்கு மட்டும் என்றார்கள்.

ஒருநாள் மாலை அவன் சோதனைக்கூடத்துக்குப் போனபோது அக்கா சூட்டுப் பெட்டியின் தண்ணீர்த் தட்டைக் கழுவி, புது நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே தட்டுகள் ஏதுமில்லை.

"இதை எதுக்குக்கா ஓட்டறே? அணைச்சுடலாமே."

"அணைச்சா பூஞ்சை புடிச்சுடும்டா."

அவள் கதவைச் சாத்தினாள். தீக்காய மருத்துவர் அன்று மறுபடி அழைத்தாராம். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், முதுகு முழுக்கத் தீக்காயம். கம்பெனியிலிருந்து இரண்டு பெட்டி துணி இலவசமாகக் கொடுத்தனுப்பினேன் என்றாள்.

"குழு விஷயமா நாளைக்குப் போயிட்டு வரேன்" என்றான்.

"போன வாரமும் போனியே."

"அமைச்சரையே நேரா பாக்கட்டுமா? இல்ல பத்திரிகைக்காரங்க யாருகிட்டயாவது…" அவனுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. "நான் என்னதான்க்கா செய்யட்டும்? சொல்லு. எது சொன்னாலும் செய்யறேன்."

அக்கா அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அது இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, இன்னொரு முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒண்ணும் செய்ய வேணாம். வந்து உக்காரு."

உட்கார்ந்தான். கீழே மாமாவின் ஆட்கள் வண்டியில் பெட்டிகளை ஏற்றும் சத்தம் கேட்டது.