பதினைந்து நிமிடக் குளிர்

மதியம் இரண்டரை மணிக்கு அந்த அக்கா போன் செய்தபோது மெக்கானிக் வேறொரு வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தார். நான்கு நாளைக்கு முன்புதான் அக்கா வீட்டு ஏ.சி.யைச் சரிசெய்து கொடுத்திருந்தார்.

"மறுபடியும் குளிரல. தம்பிக்கு நூத்தி ஒண்ணு காட்டுது," என்றார் அக்கா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் மெக்கானிக்கைக் கிளப்பியது. கத்துகிறவர்களை அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

தம்பி பைப் ஃபிட்டராக இருந்தவர். முப்பத்தைந்து வயது. நான்கு வருடங்களுக்கு முன் சாரம் சரிந்து விழுந்ததில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுப்போனது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லை, வியர்வையும் இல்லை. வெயில் ஏறினால் மற்றவர்கள் உடம்பு வியர்த்துத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். அவர் உடம்புக்கு அது முடியாது. அறை சூடானால் அவரும் கூடவே சூடாவார். நூற்றிரண்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன முறை அங்கே பத்து நாள் இருந்ததில் முதுகில் வந்த படுக்கைப்புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. அதனால் அக்காவும் தம்பியும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மெக்கானிக் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். அறையில் திரைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. ஃபிட்டரின் நெற்றியிலும் மார்பிலும் ஈரத்துணி. முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே சுவரில் ஏ.சி. சாதாரணக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

பால்கனியில் வெளி யூனிட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெக்கானிக் கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். அறுபதுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய முள் பதினெட்டில் கிடந்தது. கேஸ் போயிருக்கிறது, வேறென்ன? போன தடவை இறுக்கிய நட்டு மறுபடி கசிகிறதோ? சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழ்கூட வரவில்லை. பரவாயில்லை, முதலில் கேஸை ஏற்றிக் குளிரை வரவைப்போம், கசிவைப் பிறகு தேடலாம் என்று சிலிண்டரை எடுத்தார்.

உள்ளேயிருந்து ஃபிட்டரின் குரல் வந்தது. "அண்ணே, கேஸ் போடாதீங்க."

மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பொட்டிக்குக் கீழதான் நாள் முழுக்கப் படுத்திருக்கேன். போட்ட உடனே உள்ள ஸ்ஸுன்னு சத்தம் வரும். நல்லாத்தான் குளிரும். கால் மணி நேரம் போனா அந்தச் சத்தம் மெலிஞ்சிக்கிட்டே வந்து நின்னுடும். குளிரும் போயிடும். ஒரு மணி நேரம் அணைச்சு வெச்சுட்டுத் திரும்பப் போட்டா மறுபடியும் கால் மணி நேரம். மூணு நாளா இதே கதைதான். கேஸ் கம்மியா இருந்தா முதல்லயே குளிராதில்ல?"

அக்கா சேர்ந்துகொண்டார். "நேத்தே உங்களுக்குப் போன்ல சொல்லச் சொன்னான். நான்தான் விட்டுட்டேன்."

மெக்கானிக் சிலிண்டரைக் கீழே வைத்தார். கால் மணி நேரம் ஓடும், நிற்கும், ஆறவிட்டால் மறுபடி ஓடும். இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் இருக்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இருந்தாலும் அது அதுவாக இருக்கக்கூடாது என்று ஆசைப்பட்டார்.

"கெட்டில்ல கொஞ்சம் வெந்நீர் போடுங்கம்மா. ஒரு துண்டும் வேணும். பால்கனியில நின்னு முள் காட்டுற நம்பரை எனக்குச் சத்தமா சொல்லுங்க. நீல கேஜ்."

அக்கா அச்சகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். நம்பரை நம்பி ஒப்படைக்கலாம். அவர் வெந்நீரைக் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். மெக்கானிக் ஸ்டூல் போட்டு ஏறி ஏ.சி.யின் முன்மூடியைக் கழற்றினார். குளிரும் குழாய்ச் சுருளான காயிலின் ஓரத்தில் எக்ஸ்பான்ஷன் வால்வு. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அழுத்தமாக வருகிற திரவம் அதன் ஊசித்துளை வழியே பீறிட்டுப் போகும்போதுதான் குளிர் பிறக்கிறது. வால்வுக்கு முன்னால் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. வால்வின் மேல் வெள்ளையாகப் பனி. அதைத் தாண்டிக் காயில் முழுக்கக் காய்ந்து கிடந்தது.

துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து வால்வைச் சுற்றிப் பிடித்தார். விரல் வெந்துவிடும்போல இருந்தது.

"பதினெட்டு," என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "பதினெட்டுதான்."

வால்வு அப்படியே இறுகிக் கெட்டுப்போயிருந்தால் சூடு வைத்தாலும் முள் அசையாது. அசையாமல் இருந்தால் நல்லது. வால்வு கெடுவது யார் குற்றமும் இல்லை.

"பத்தொம்பது. இருவத்தி ரெண்டு... முப்பத்தஞ்சு. நாப்பத்தெட்டு. ஏறிக்கிட்டே இருக்கு. அம்பத்தேழு, அறுபது."

ஸ்ஸென்று சத்தம் எழுந்தது. காயில் கண்ணெதிரே வியர்க்கத் தொடங்கியது. இரண்டு நிமிடத்தில் குளிர்ந்த காற்று கீழே இறங்கியது. ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா உள்ளே ஓடி வந்தார். "வால்வு கெட்டுப்போச்சா?"

"வால்வுலதான் அடைப்பு," என்றார் மெக்கானிக். பொய் இல்லை. புது வால்வு ஒன்று மாட்டிவிட்டுப் போனால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"சூடு வெச்சா விலகுற அடைப்புன்னா ஐஸ்தானே?" ஃபிட்டர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "அப்போ தண்ணி எப்படிண்ணே உள்ள போச்சு? மூடின குழாயாச்சே."

மெக்கானிக் துண்டைப் பிடித்தபடியே நின்றார். கீழே படுத்திருந்தவருக்கு அவர் முகம் நேராகத் தெரியும்.

"நான் விட்டதுதான்," என்றார். "அன்னிக்கு நட்டைக் கழட்டினப்போ ஈரக்காத்து உள்ள போயிருக்கும். வேக்கம் பம்ப் போட்டு முழுசா உறிஞ்சி எடுத்துட்டுத்தான் கேஸ் ஏத்தணும். ஒரு மணி நேர வேலை. பம்ப் வண்டியிலேயே இருந்துச்சு. அடுத்த வீட்டுக்குப் போகணும்னு அவசரம். கேஸை விட்டே காத்தைத் தள்ளிட்டுப் போயிட்டேன்."

அக்கா தெர்மாமீட்டரை எடுத்து உதறினார். தேவைக்கு அதிகமாகவே உதறினார்.

"மூணு நாளா துணி நனைச்சு நனைச்சுப் போட்டேன். எனக்குத்தான் சரியாப் பார்த்துக்கத் தெரியலன்னு நினைச்சேன்," என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "வேற ஆளைக் கூப்பிடறேன்டா."

"வர்றவர் மறுபடியும் முதல்லேர்ந்து தேடுவாரு. எங்க தப்புன்னு இவருக்குத் தெரியும். இவரே செய்யட்டும்."

அக்கா தம்பியின் வாயில் தெர்மாமீட்டரை வைத்தார். நூற்றொன்று புள்ளி நான்கு.

செய்யவேண்டியதை மெக்கானிக் சொன்னார். உள்ளே இருக்கிற கேஸை வெளியே எடுக்கவேண்டும். ஈரத்தைப் பிடிக்கிற ட்ரையரை மாற்றவேண்டும். பம்ப் போட்டு உறிஞ்சவேண்டும். எப்படியும் இரண்டரை மணி நேரம் ஏ.சி. ஓடாது. அதனால் முதலில் வால்வைச் சூடாகவே வைத்து, ஓடுகிற வரைக்கும் ஓட்டி, அவர் உடம்புச் சூட்டை இறக்கிக்கொள்ளலாம். வெயில் சாய்ந்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.

ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில் நின்று துண்டு மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. ஏ.சி.யை அணைத்தார்கள்.

கேஸை எடுத்து, ட்ரையரை வெட்டிப் புதியதைப் பற்றவைத்து, பம்ப்பை ஓடவிட்டபோது ஆறு மணி. அறையில் மின்விசிறி, ஈரத்துணி, திறந்த ஜன்னல். வெளியிலிருந்து வந்த காற்றே சூடாக இருந்தது.

ஆறு இருபதுக்கு நூறு புள்ளி ஐந்து. ஆறே முக்காலுக்கு நூற்றொன்று புள்ளி ஒன்று.

அக்கா பால்கனி வாசலுக்கு வந்தார். "போதுமா?"

பம்ப்பை நிறுத்திவிட்டு மெக்கானிக் கேஜைப் பார்த்தார். உள்ளே ஈரம் போய்விட்டிருந்தால் முள் விட்ட இடத்திலேயே நிற்கும். அது மெல்ல, மிக மெல்ல, மேலே ஊர்ந்தது. இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

"போதாதும்மா."

"ஏறிக்கிட்டே போகுதுங்க அவனுக்கு."

"தெரியுது. இப்ப கேஸ் போட்டா உடனே குளிரும். நாளைக்கு மறுபடியும் நிக்கும்."

அக்கா அவரை வெறித்துப் பார்த்தார். கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. பிறகு உள்ளே போனார். மெக்கானிக் பம்ப்பை மறுபடி ஓடவிட்டு, வெளி யூனிட்டின் குழாய்களை வெந்நீர்த் துணியால் ஒற்றினார், ஈரம் சீக்கிரம் கிளம்பட்டும் என்று. உள்ளே, "இவ்வளவு ஊத்தினா நான் முளைச்சிடுவேன்கா," என்று ஃபிட்டர் முனகுவதும், "பேசாம கிட," என்று அக்கா அதட்டுவதும் கேட்டது.

ஏழு மணிக்கு நூற்றொன்று புள்ளி ஆறு. அக்கா கைப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. மெக்கானிக் பம்ப்பை நிறுத்தினார். முள்ளைப் பார்த்தபடி பத்து நிமிடம் காத்திருந்தார். அந்தப் பத்து நிமிடத்தில் தான் பம்ப் போடாமல் கேஸ் ஏற்றிவிட்டு வந்த வீடுகளெல்லாம் வரிசையாக மனதில் வந்து போயின.

முள் அசையவில்லை.

சிலிண்டரைத் தராசில் வைத்து, அளந்து கேஸை ஏற்றினார். சுவிட்சைப் போட்டார். ஸ்ஸென்று சத்தம். கால் மணி நேரம் ஆயிற்று, சத்தம் மெலியவில்லை. அரை மணி நேரம். கேஜ் அறுபத்திரண்டில் நின்றது. எட்டு மணிக்கு அக்கா தெர்மாமீட்டரை விளக்குக்கு நேராகப் பிடித்து இரண்டு முறை பார்த்தார். "நூறு புள்ளி ரெண்டு," என்றார். கட்டிலோரத்தில் உட்கார்ந்து, அப்போதுதான் அழுதார், சத்தமில்லாமல்.

மெக்கானிக் சாமான்களைக் கட்டினார். "ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெச்சுக்குங்க. ரொம்ப மெதுவா ஓடினா காயில் உறையும்," என்றார். "காலைல வந்து பார்க்கிறேன்."

"வாங்க," என்றார் அக்கா, முகத்தைத் திருப்பாமல்.

வாசல்வரை போனவரை ஃபிட்டர் கூப்பிட்டார்.

"அண்ணே, அன்னிக்கு எத்தனை வீட்டுக்கு இப்படிப் போட்டீங்க?"

"இன்னும் ரெண்டு."

"அவங்க இன்னும் போன் பண்ணலியா?"

"இல்ல."

"அப்போ நீங்க பண்ணுங்க."

மெக்கானிக் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் பம்ப்பை இறக்கிவைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, முதல் வீட்டு நம்பரைத் தேடத் தொடங்கினார்.