தொட்டாவாடி முற்றம்

தேங்காப்பட்டணத்தில் ஜஸ்னாவின் வீட்டு முற்றத்தில் யாரும் வெறுங்காலோடு இறங்க மாட்டார்கள். தொட்டதும் இலையை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடிக்கும் தொட்டாவாடி, முள்ளை மட்டும் மூடாது. வாசலிலிருந்து மதில் வரை அதுதான் படர்ந்து கிடந்தது. அவள் கணவன் யாசிரோ துபாயில் மணல்மேல் புல்தரை போட்டுக் கொடுத்தவன். ஊரார் வீட்டையெல்லாம் பச்சையாக்கிவிட்டு, லாரியிலிருந்து விழுந்து காலுக்குப் போகும் நரம்பு நசுங்கி வீடு வந்து சேர்ந்தான்.

வலது முழங்காலுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. நரம்பு துளிர்த்தாலும் துளிர்க்கும், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். மெத்தென்ற புல்லில் நடந்து பழகட்டும், ஆனால் முள் குத்தினால் அவருக்குத் தெரியாது, புண் புரையோடிவிடும் என்றும் எச்சரித்தார். அன்றைக்கே ஜஸ்னா மம்பட்டியைத் தூக்கிவிட்டாள்.

யாசிர் நாற்காலியில் இருந்தபடி அதிகாரம் பண்ணினான். "ஏட்டி, வேரோட பறி. மேல அரிஞ்சா திரும்பவும் வரும்."

"துபாய் முதலாளிகிட்டயும் இப்படித்தான் சட்டம் பேசுனியளா மச்சான்?"

அரிசியில் கல் பொறுக்குவதுபோல மண்ணில் முள் பொறுக்கினாள். செம்மண்ணும் சாணிப்பொடியும் பரப்பி, தண்ணீர் நிரப்பிய டிரம்மை உருட்டி மட்டமாக்கினாள். நர்சரிப் புல்லை யாசிர் கணுக்கணுவாகக் கிள்ளித் தந்தான். காய்ந்த நூல் துண்டுகள். இதுவா முளைக்கப்போகிறது என்று நம்பாமலே நட்டாள்.

ஒரு மழைக்குப் பிந்திய காலையில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஈர மண்ணில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கணுவும் கீழே வெள்ளை வேரும் மேலே பச்சை நுனியும் விட்டிருந்தது. எந்தப் பக்கம் மண், எந்தப் பக்கம் வானம் என்று நகத்தளவுத் துண்டுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"என்னட்டி தேடுக? கம்மல் விழுந்துட்டா?" என்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டுத் தேவகனி.

"சுப்ஹானல்லாஹ்" என்றாள் ஜஸ்னா. உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை செய்கிறவனுக்கு ஒரு நரம்பு பெரிய காரியமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

புல் நெருங்கிப் படர்ந்து முற்றத்தை மூடியதும் யாசிரைத் தோளில் தாங்கி தினமும் நடத்தினாள்.

"என்னமாச்சும் தெரியுதா மச்சான்?"

"பஞ்சும் பாறையும் எனக்கு ஒண்ணுதான் ஏட்டி."

கேட்டுக் கேட்டு, கேட்பதையே நிறுத்திவிட்டாள். நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மதிலோரம் திரும்பும்போது யாசிர் "உம்மா!" என்று அலறினான். ஜஸ்னா பதறிப்போய் அவனைப் புல்லிலேயே உட்காரவைத்தாள். புல்லுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு தொட்டாவாடி, ஒன்றும் அறியாததுபோல இலை கூம்பிக் கிடந்தது. அவன் குதிகாலில் முள். ஒரு பொட்டு ரத்தம்.

"எனக்க கண்ணு அவிஞ்சா போச்சு? இத எப்படி விட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, வலிக்கி."

"முள்ளு குத்துனா வலிக்காதா பின்ன..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். தன் மடியில் கிடப்பது எந்தக் கால் என்று பார்த்தாள். வலது கால்.

அவள் முள்ளை மெல்லப் பிடுங்கி, இரண்டு விரலில் பிடித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொருக்க குத்திப் பாக்கட்டா மச்சான்?"

கண்ணீர் வழிய வழிய அவன் காலை நீட்டினான்.

"குத்துட்டி."