துடைப்ப அறையின் ஜன்னல்

புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டாம் என்று நான் சொன்னது முதலில் யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வீடு ஒரு மருத்துவருடையது. இப்போது அருங்காட்சியகம். அவருடைய மேசை, மூக்குக்கண்ணாடி, மருந்துப் பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன. தோட்டம்தான் இல்லை. அது எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. தாவரவியல் படித்தவள் என்று என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

மண்ணுக்கடியில் பழைய பாதை இருந்தால், வேர் இறங்க ஆழமில்லாமல் மேலே உள்ள புல் முதலில் காயும். மரக்குழி இருந்த இடம் கடைசிவரை பச்சையாக நிற்கும். தண்ணீரை நிறுத்திவிட்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

“ஆராய்ச்சின்னா பெருசா ஏதோ பண்ணுவேன்னு பார்த்தா, புல்லைப் பட்டினி போடுற” என்றார் தோட்டக்காரர். “குழாயைப் பார்த்தாலே கை துறுதுறுங்குது தங்கச்சி.”

“கொஞ்சம் பொறுத்துக்கோங்க அண்ணே.”

“நான் பொறுத்துப்பேன். மேடம் பொறுக்கணுமே.”

நிர்வாகி மேடம் பொறுக்கவில்லை. சில வாரத்தில் புல் காய்ந்ததும், மறுநாள் காலை இயந்திரம் வந்து மண்ணைக் கிளறிச் சமன்செய்யும், புதுப் புல் பதிப்பார்கள் என்றார்.

“கோணல்மாணலா ஏதோ தெரியுது. இதைத் தோட்டம்னு யார்கிட்டம்மா காட்டறது?”

காய்ந்த கோடுகள் தெரிந்தன. ஆனால் யாரோ பிடித்து இழுத்த முட்டை மாதிரி நீண்டு கிடந்தன. இயந்திரம் இறங்கினால் அதுவும் போய்விடும்.

மேலிருந்தாவது வடிவம் பிடிபடுமா என்று மாடியில் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். எதிலிருந்தும் ஒழுங்காகத் தெரியவில்லை. மிச்சமிருந்தது துடைப்பமும் வாளியும் போட்டுவைக்கும் அறை. அதன் ஜன்னல் கணுக்கால் உயரத்திலேயே தொடங்கியது. குனிந்து பார்த்தேன், போதவில்லை. வாளிகளை ஒதுக்கி, தரையில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையில் தலையைத் தாங்கினேன்.

முட்டை வட்டமானது.

அப்பழுக்கில்லாத வட்டம். நடுவிலிருந்து பாதைகள் இதழ்களாக விரிந்தன. கிட்டே சிறிதாகவும் தூரத்தில் பெரிதாகவும் வெட்டிய மரக்குழிகள், இங்கிருந்து ஒரே அளவுப் பச்சைப் புள்ளிகள். தலையை ஒரு சாண் நகர்த்தினேன். கலைந்தது. திரும்ப வைத்தேன். சேர்ந்தது.

கைக்குக் கீழே தரையில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. தள்ளி இன்னொன்று. தாழ்வான கட்டில் ஒன்றின் கால்கள் பதிந்த இடங்கள்.

ஜன்னலைத் திறந்து கத்தினேன். “அண்ணே, மேடத்தைக் கூட்டிட்டு வாங்க!”

“உனக்கு இவ்வளவு சத்தம் வருமா?” என்றார் கீழேயிருந்து.

தோட்டக்காரரோடு வந்த மேடம் அறை வாசலில் நின்று துடைப்பங்களைப் பார்த்தார். “இங்க என்னம்மா?”

“படுத்துப் பாருங்க மேடம்.”

தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படுத்தார். தலையை ஒரு சாண் நகர்த்தி, திரும்ப வைத்தார்.

“டாக்டரோட மனைவி கடைசிவரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லைன்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்றார், மெதுவாக. “எந்த ரூம்ல இருந்தாங்கன்னு இதுவரைக்கும் யாருமே கேக்கல.”

ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே கைபேசியைத் துழாவி எடுத்து, இயந்திரக்காரரிடம் வர வேண்டாம் என்றார்.

“மேடம், நீங்க எந்திரிச்சா நானும் ஒரு தடவை பார்த்துக்குவேன்” என்றார் தோட்டக்காரர்.

“இருங்க” என்றார் மேடம்.