ஷீபா சொன்ன அர்த்தம்

அந்தமானின் ஹட் பே மைதானத்தில் மேடையேறிய அதிகாரி மைக்கில் "கேலன்ட்ரி" என்றார். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த நாத்தனார் ஷீபாவை இடித்தேன். அவள் இங்கிலீஷ் டீச்சர். விருதுக்கு மனு எழுதிப் போட்டதே அவள்தான்.

"ஏட்டி, அப்படின்னா என்னது?"

"தைரியந்தான் மைனி. ஆனா பாம்ப அடிச்சதுக்கெல்லாம் சொல்லமாட்டாவ. அதுக்கு 'பிரேவ்' போதும். தன் உசுரு போனாலும் போட்டும்னு அடுத்தவங்கள காப்பாத்துனாத்தான் கேலன்ட்ரி. மெடலு, மேடை, இப்படிப் பெரிய எடத்துல சொல்லுத வார்த்தை."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கப்பல் துறையிலிருந்து கடலில் விழுந்த பெங்காலிக் குழந்தையை அலைக்குள் பாய்ந்து தூக்கியவள் நான். அன்று மழை, துறையில் வேறு ஆளில்லை. குழந்தையின் அம்மாவும் மறுநாளே கப்பலேறிவிட்டாள். தூணில் உரசிய என் தோள் இன்னும் ஆறவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

"நெல்சன்!" என்றார் அதிகாரி.

என் புருஷன் மேடையேறினார். எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

"உக்காருங்க மைனி, எல்லாரும் பாக்குறாவ." ஷீபா கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணன் பேரத்தான் எழுதுனேன். மெடலோட வருத லைஃப்கார்டு வேலைய ஆம்பளைக்குத்தான் குடுப்பாவ. யாருக்கு வந்தா என்ன, நம்ம வீட்டுக்குத்தான?"

"ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் செஞ்சீங்களா?"

அவள் மேடையைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கினாள். காலையில் இந்த மனுஷனுக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தவளும் நான்தான். 'ஃபங்ஷனுக்கு நீயும் வா' என்று சிரித்தாரே, பாவி!

குழந்தை விழுந்தபோது உங்கள் மனைவி எங்கே இருந்தார் என்று அதிகாரி ஹிந்தியில் கேட்டார்.

"கினாரே பே ரோ ரஹீ தீ, சார்," என்றார் நெல்சன். கரையில் நின்று அழுதுகொண்டிருந்தேனாம். கூட்டம் சிரித்தது.

அதிகாரி அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இனி பீச்சில் நெல்சன்தான் லைஃப்கார்டு, குளிக்க வரும் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்வார் என்று அறிவித்தார்.

கடலுக்குப் போகிற மனுஷனின் மானம் போய்விடக் கூடாதென்று, கல்யாணமானதிலிருந்து ஒரு விஷயத்தை யாருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

அவர் முகம் வெளுத்தது. "ஜோஸ்லின், வேண்டாம்டி. உன் கால்ல விழுதேன்."

எல்லோருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியிலேயே சொன்னேன்.

"சார், இவருக்கு நீச்சலே தெரியாது."