கொள்ளிடத்து மணலில் புளிசாதம்

பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் பாக்கியநாதன் எல்லாவற்றையும் எழுதிவைத்தான். குடிக்கக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், இரண்டு மண் கூஜா நிறைய. மாம்பழம் நறுக்காமல், பெர்மாங்கனேட் கலந்த தண்ணீரில் கழுவியது. கறி கூடாது, மீன் கூடாது. தயிர்சாதம் வெயிலில் கெட்டுவிடும். ஐஸ் போட்ட எதையும் யார் விற்றாலும் வாங்கக் கூடாது. புளிசாதம், வறுத்த கடலை, அப்பளம் போதும்.

தாளை வாங்கிப் பார்த்த தைரியராஜ் சிரித்தார். பாக்கியநாதனின் அக்கா கணவர். பொன்மலையில் ரயில்வே கிளார்க்.

"இது பிக்னிக்கா மாப்ளே, இல்ல உன் காலேஜ் லேபாரட்டரியா?"

"கொள்ளிடத்து மணல்ல மூணு கல்லக் கூட்டி, ஆட்டுக்கறிய வதக்கிச் சுடச்சுட இறக்குனாத்தான் பிக்னிக்" என்றாள் அக்கா சகாயம்மாள். "உன் புளிசாதத்த பாலக்கரை வீட்டுலயே உக்காந்து திங்கலாமே. அதுக்கு எதுக்குடா ஜட்கா?"

"அப்ப நாங்க ரெண்டு பேரும் வரல."

ரெண்டு பேர் என்றால் அவனும் நாலு வயது மகள் பேட்ரிசியாவும். அக்கா புளிக்காய்ச்சலைத் தானே காய்ச்சித் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவளுக்குக் காரணம் தெரியும். போன கோடையில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த அன்று சாயங்காலமே லூர்துராணிக்கு வாந்தி ஆரம்பித்தது. "செரிக்கல. தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றவன் பாக்கியநாதன். அவள் கணவன். கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவன், காலேஜில் பாடம் எடுப்பவன். விடிந்து ரிக்‌ஷாவில் ஏற்றும்போது அவள் கண்கள் உள்ளே போயிருந்தன. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவனுக்கு நாக்கில் எந்த ருசியும் ஏறவில்லை. தட்டில் போட்டதைத் தின்றான். குழந்தையின் வாய்க்குள் போகிற ஒவ்வொரு கவளத்துக்கும் பயந்தான். ஆனால் லீவு விட்ட நாளிலிருந்து அவள் ஆற்று மணல், ஆற்று மணல் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

பிக்னிக்குக்கு முந்தின நாள் பரணிலிருந்து ஒரு பித்தளைத் தூக்கை இறக்கினான். லூர்துராணி சீராகக் கொண்டுவந்தது. அக்காவிடம் புது எவர்சில்வர் தூக்கு இருந்தது, அதுவே போதும். ஆனாலும் அவளுடையது ஏதாவது ஒன்று கூட வரட்டும் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே மங்கலாக, திட்டுத்திட்டாக வெள்ளை படிந்திருந்தது. வீட்டில் பாத்திரம் தேய்ப்பது ராக்கம்மாள்; அவன் அதுவரை ஒரு டம்ளரைக்கூடத் தேய்த்ததில்லை. செங்கல் பொடியும் புளியும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தான். வெள்ளையெல்லாம் போய் உட்பக்கம் பொன்னாக மின்னியது. மூன்று தரம் கொதிநீர் ஊற்றிக் கொட்டினான். திருப்தியாக இருந்தது.

காலை ஐந்து மணிக்குச் சோற்றை அவனே வடித்து, புளிக்காய்ச்சலைக் கொட்டிக் கிளறி, தூக்கில் அமுக்கி மூடினான். ஏழு மணிக்கு முகம்மது கனியின் ஜட்கா வாசலுக்கு வந்தது. காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் வீதிகளைச் சுற்றிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

ஆற்றில் தண்ணீர் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடியது. மீதியெல்லாம் மணல். பேட்ரிசியா மணலில் வீடு கட்டினாள், இடித்தாள், திரும்பக் கட்டினாள். கரையோரத்து மரநிழலில் ஜமுக்காளம் விரித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எல்லார் கையையும் சோப்புப் போட்டுக் கழுவவைத்த பிறகுதான் பாக்கியநாதன் தூக்கைத் திறந்தான். கனி குதிரையை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். வந்து சாப்பிடுவதாகச் சொன்னார்.

"காரம், உப்பு எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் தைரியராஜ். "ஆனா ஓட்டக்காலணாவ வாயில போட்டுச் சப்புன மாதிரி ஒரு வாடை."

"அது வெயிலு. பேசாம சாப்பிடுங்க. நான் காய்ச்சுனா மட்டும் உங்களுக்கு ஏதாச்சும் ஒரு வாடை வந்துரும்."

"நீ காய்ச்சுனதுக்கு வாடை அடிக்காது சகாயம். சத்தம்தான் வரும்."

அக்கா அப்பளத்தை அவர்மேல் விட்டெறிந்தாள். பேட்ரிசியா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே இரண்டாம் தரம் கை நீட்டினாள். சாதாரணமாக நாலு வாய்க்கே முரண்டு பிடிக்கிறவள். பாக்கியநாதன் சந்தோஷமாக உருட்டி உருட்டி ஊட்டினான். தானும் ஒரு தட்டு சாப்பிட்டான். அவனுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

கனிக்கு எடுத்துவைக்க அக்கா தூக்கின் அடியைச் சுரண்டினாள். சுரண்டிய கை நின்றது.

"தம்பி, இதுக்குள்ள ஈயப்பூச்சு எங்கடா?"

"என்ன ஈயம்?"

அவள் தூக்கைச் சாய்த்துக் காட்டினாள். பித்தளையை ஒட்டியிருந்த சோறு நீலம் கலந்த பச்சை பிடித்திருந்தது. மயில்துத்தத்தின் நிறம். சோதனைக் கூடத்தில் பையன்களுக்கு எத்தனையோ தரம் காட்டியிருக்கிறான். செம்பு, புளிப்பு, சூடு. ஏழு மணி நேரம்.

"பங்குனி வந்தா லூர்து ஈயம் பூசுறவனக் கூப்பிட்டு எல்லாத்துக்கும் பூசிருவாளே. போன வருஷத்துக்கு அப்புறம்..." அக்கா நிறுத்திக்கொண்டாள். "கொஞ்சமாச்சும் மிச்சம் இருந்திருக்கணுமே. இப்படிச் சுத்தமா யாரு தேச்சது?"

"நான்தான். அந்த வெள்ளைய அழுக்குன்னு நெனச்சேன்."

அவன் குரல் அவனுக்கே தூரத்தில் கேட்டது.

தைரியராஜ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "பித்தளைக் களிம்பு கொஞ்சம் ஏறியிருக்கு. அதுக்கென்ன? மூஞ்சிய இப்படி வச்சுக்காத மாப்ளே. கொஞ்ச நேரம் படுத்து எந்திரிச்சா எல்லாம் சரியாயிடும்."

போன கோடையில் தான் சொன்ன வார்த்தையே பாக்கியநாதனின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தான். பேட்ரிசியா மணலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க வலிக்குது."

அவளைத் தூக்கி, மடியில் குப்புறப் போட்டு, வாய்க்குள் இரண்டு விரலை விட்டான். குழந்தை திமிறியது. கடித்தது. விரலில் ரத்தம் வந்தும் அவன் எடுக்கவில்லை. புளிசாதம் மணலில் கொட்டியது. தண்ணீரைப் புகட்டி மறுபடியும் விரலை விட்டான்.

"டேய், கொழந்தைய கொன்னுராதடா!" என்று அக்கா கத்தினாள்.

"வண்டியப் பூட்டுங்க!" என்று அவன் கனியைப் பார்த்துக் கத்தினான்.

குதிரை நூறு கஜம் தள்ளி நின்றது. அதைப் பிடித்து வந்து பூட்டுவதற்குள் தைரியராஜ் ஒரு புதருக்குப் பின்னால் போய்க் குனிந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்து திரும்பி வந்தவர் தானாகவே வண்டியில் ஏறினார்.

மணலில் சக்கரம் புதைந்தது. கனி கீழே குதித்துத் தள்ளினார். "யா அல்லா, ஏறு ராஜா, ஏறு" என்று குதிரையிடம் கெஞ்சினார். பேட்ரிசியா அழுகையை நிறுத்திவிட்டாள். அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. கை ஜில்லென்று இருந்தது. கண்கள் சொருகின.

"தூங்காத பாப்பா. அப்பாவப் பாரு. தூங்காத."

அக்கா ஜெபமாலையைக் கையில் எடுத்து 'அருள் நிறைந்த மரியே' என்று சத்தமாகத் தொடங்கினாள். நடுநடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கோயில் மதிலை ஒட்டி வண்டி ஓடியபோது வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு மாடு குறுக்கே நின்றது. பாக்கியநாதனுக்கு ஜெபம் வரவில்லை. நானேதான், என் கையாலேதான் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வடக்குச் சித்திரை வீதியில் டாக்டர் போர்டு போட்ட ஒரு வீட்டு வாசலில் கனி வண்டியை நிறுத்தினார். நெற்றி நிறையத் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். டாக்டர் அவர்தான். குழந்தையைப் பெஞ்சில் கிடத்தி இமையை விலக்கிப் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டா?"

"புளிசாதம். பித்தளைத் தூக்குல வச்சது. ஈயம் இல்ல."

"சாப்பிட்டு எத்தனை நாழி ஆச்சு?"

"ஒரு மணி நேரம்."

"வாந்தி எடுத்தாளோ?"

"விரல விட்டு எடுக்க வச்சேன். ரெண்டு தரம்."

அவர் இவன் விரலிலிருந்த பல் தடத்தைப் பார்த்தார். "முட்டை வெள்ளைக்கரு கொடுக்கணும்னு புஸ்தகத்திலே போட்டிருக்கு. இந்தத் தெருவிலே முட்டைக்கு எங்கே போறது? பால் போறும்." உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அடியே, பால் இருக்கிறதை எல்லாம் கொண்டா!"

பாலை அவரே ஸ்பூனால் புகட்டினார். பெரியவர்களுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் வந்தது. நாடி பிடித்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குழந்தை கண்ணை மூடிக்கொண்டது.

"டாக்டர், தூங்குறா."

"அலுத்துப்போயிருக்கா. தூங்கட்டும்."

"எழுப்பிப் பாக்கட்டுமா?"

"எழுப்பப்படாது. தூங்கி எழுந்தா சரியாப்போயிடும்."

பாக்கியநாதன் பெஞ்சுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கண் அவள் விலா எலும்பின்மேல் இருந்தது. ஏறியது. இறங்கியது. ஒவ்வொரு தரம் இறங்கும்போதும் இனி ஏறாது என்று நினைத்தான். மூக்கின் கீழ் புறங்கையை வைத்துப் பார்த்தான். மூச்சு தெரியவில்லை. கன்னத்தை வைத்தான். வெதுவெதுவென்று பட்டது. சுவர்க்கடிகாரம் இரண்டு அடித்தது. மூன்று அடித்தது. தைரியராஜ் வாசலில் இன்னொரு தரம் வாந்தி எடுத்துவிட்டு வந்து படுத்தார். அக்கா ஜெபமாலையை விரலில் சுற்றியபடியே தலை சாய்ந்துவிட்டாள். இவன் இமை மூடவில்லை. கண் எரிந்தது.

நாலு அடிக்கும்போது பேட்ரிசியா கண்ணைத் திறந்தாள். விட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். முகம் கோணியது.

"பாப்பா."

அவன் கை நீட்டினான். அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். காலால் அவன் மார்பில் உதைத்தாள்.

"நீ வேணாம்! அத்த வேணும்! அப்பாவப் போகச் சொல்லு!"

அக்கா திடுக்கிட்டு எழுந்து அவளை வாரிக்கொண்டாள். வீடு அதிர அழுதாள் குழந்தை. உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"நன்னா அழறாளே. இனிமே அகத்துக்கு அழைச்சுண்டு போலாம்."

"அப்பாவப் போகச் சொல்லு, அத்தே!"

"போறேன்டா. போறேன்."

எழுந்து வெளியே வந்தான். அவள் கண்ணில் படாதபடி சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றான். அழுகை உரக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றால் உள்ளே ஓடுவதற்காக ஒரு காலை மட்டும் வாசற்படியின்மேல் வைத்திருந்தான்.