சட்டைப் பையில் பிளக்

“பைக்கு பிளக்கையே கழட்டிட்டேன் ஜெயந்தி. இனி எவன் வந்தாலும் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். தள்ளினா சங்கிலி. சங்கிலிய அறுத்தா சத்தம். சத்தம் கேட்டா அப்பா எந்திரிச்சிருவாரு.”

“மாமாவா? தலைமாட்டுல பாறை உருண்டாலும் அவரு எந்திரிக்க மாட்டாரு.”

“அப்ப நீ எந்திரி. புருசன் சொத்த பொண்டாட்டிதானே காக்கணும்.”

“அந்தப் பிளக்க என்ன செய்யப் போறீங்க?”

“கொழும்புக்குக் கொண்டு போறேன். சட்டைப் பைக்குள்ளயே கெடக்கட்டும். பைக்கோட உசிரு என்கிட்ட.”

“ஒரு அவசரம்னா…”

“என்ன அவசரம்? நீ ஓட்டப் போறியா?”

நிரோஷன் சிரித்தான். ஜெயந்தினியும் சிரித்துவிட்டாள். சொல்ல வந்ததை அந்தச் சிரிப்போடு விழுங்கிக்கொண்டாள். தீபாவளிக்கு வந்த புருஷன் கிளம்பும் நேரத்தில் எதற்கு வாக்குவாதம் என்று நினைத்தாள்.

தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயத்தின் வரிசை வீடுகளுக்கு இருந்தது அந்த ஒரு பைக்தான். மழையில் ரோடு அறுந்து போனதிலிருந்து நான்கு சக்கரமும் மூன்று சக்கரமும் அங்கே ஏறுவதில்லை. அறுந்த இடத்தில் ஓரமாக ஒரு பைக் போகும் அகலம்தான் மிச்சம் இருந்தது. அதனால் நிரோஷனின் பைக் லயத்துக்கே பொது. யாருக்காவது முடியாமல் போனால் ஓட்டத் தெரிந்த ஒருவன் வந்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு போவான். கேட்டு எடுக்க வேண்டும் என்பது கூட இல்லை, சொல்லிவிட்டு எடுத்தால் போதும். பக்கத்து வீட்டு மார்கிரட் மயங்கி விழுந்தபோது, அவள் மகன் அன்டன் முன்னால் உட்கார்ந்து ஓட்ட, நிரோஷன் பின்னால் இருந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனான். மார்கிரட் பிழைத்து வந்தாள். வந்த கையோடு ஜெயந்தினிக்கு ஒரு கேக் செய்து கொடுத்தாள்.

பிறகு ஒருநாள் விடிந்தபோது பைக்கில் பேட்டரி இல்லை. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் இல்லை. அதுவரை அது படிக்கட்டுக்குக் கீழே, ரோட்டோரத்தில்தான் நின்றது.

“ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்சவன் இந்த லயத்துல எத்தன பேரு இருக்கான்?” என்று நிரோஷன் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டான்.

அன்டன் தலவாக்கலையில் பைக் திருத்தும் கடையில் வேலை செய்தான். யாரைச் சொல்கிறான் என்பது எல்லோருக்கும் விளங்கியது. மார்கிரட் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரமே நிரோஷன் பைக்கைப் படியில் பலகை போட்டு ஏற்றி, வீட்டின் முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் நிறுத்தினான். பின் சக்கரத்தைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டான். புதுப் பேட்டரியைச் சுற்றிக் கம்பி வைத்துக் கட்டினான். மேலே தார்ப்பாய்ப் படங்கு மூடினான். கொழும்பில் கடை வேலை கிடைத்துப் போன பிறகு, தினமும் பொழுது சாய்கையில் போனில் வருவான். முதலில் ஜெயந்தினியின் முகம், அடுத்தது பைக். “படங்கத் தூக்கு. அந்தப் பக்கம் காட்டு. டயர நசுக்கிப் பாரு.” அவளும் காட்டுவாள். மாமனார் இராமையா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “நம்ம ரெண்டு பேரையும் கூட இப்பிடிச் சுத்திச் சுத்திப் பாத்திருக்க மாட்டான்மா” என்பார்.

பிளக் போன பிறகும் சாவி மட்டும் அதே ஆணியில் தொங்கியது.

அன்று காலை பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போயிருந்தார்கள். இராமையா விறகு பொறுக்க மேலே போனார். காய்ந்த கிளையை இழுத்தபோது குளவிக்கூடு கலைந்தது. அவர் கத்திய சத்தம் லயம்வரை கேட்டது. தேயிலைக்குள் விழுந்து எழுந்து வந்தவருக்கு முகம் எது, கழுத்து எது என்று தெரியவில்லை. வாசலுக்கு வரும்போதே மூச்சு விசில் அடித்தது.

ஜெயந்தினி போன் அடித்தாள். ஆம்புலன்ஸ் வரும், ஆனால் ரோடு அறுந்த இடத்துக்குக் கீழேதான் நிற்க முடியும் என்றார்கள். அதுவரை கொண்டு போக வேண்டும்.

காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் படுத்திருந்த அன்டன் போர்வையோடு ஓடி வந்தான். இராமையாவைப் பார்த்தான். பிறகு ஒரு நொடி தயங்கி அவளைப் பார்த்தான்.

“அக்கா, பைக்க எடுக்கவா?”

அந்த நேரத்தில் அவளுக்கு எல்லாமே மறந்துபோயிருந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தாள். சங்கிலிப் பூட்டைத் திறந்தாள். மார்கிரட்டும் அவளுமாக மாமனாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்டன் உதைத்தான். மறுபடி உதைத்தான். பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கியை ஆட்டிப் பார்த்தான். உடம்பையெல்லாம் போட்டு உதைத்தான். பிறகு குனிந்து, இஞ்சினின் ஓரத்தில் செருகியிருந்த ரப்பர் மூடியை இழுத்தான். அதன் பின்னால் இருந்த ஓட்டையில், மழைத்தண்ணீர் இறங்காமல் பழைய சேலைத் துணி ஒன்று உருட்டி அடைத்திருந்தது. ஜெயந்தினியின் சேலைத் துணி.

“அக்கா, பிளக் இல்லக்கா.”

அவன் சொன்ன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்டன் போர்வையை எறிந்துவிட்டு இராமையாவை முதுகில் ஏற்றிக்கொண்டான். சேற்றில் வழுக்கியும் எழுந்தும் இறங்கினான். ஜெயந்தினி பின்னால் ஓடினாள். மாமனாரின் வீங்கிய கை அன்டனின் கழுத்தைக் கட்டியிருந்தது. பாதி வழியில் அந்தக் கை நழுவியது. ஆம்புலன்ஸ் வந்து காத்துக்கொண்டுதான் இருந்தது. பைக்கில் போயிருந்தால் ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம்.

அன்டன் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். பிறகு சொன்னான்: “அண்ணன்கிட்ட பிளக் கதைய சொல்லாதீங்கக்கா. தாங்க மாட்டாரு.”

அவள் சொல்லவில்லை. துணியைத் திரும்ப அடைத்து, சங்கிலியைப் பூட்டிவைத்தாள். “குளவி கொட்டிருச்சு, தூக்கிட்டு ஓடினோம், வழியிலயே போயிட்டாரு” என்று மட்டும் சொன்னாள். நிரோஷனும் வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் மனதில் அந்தப் பைக் பத்திரமாக இருக்கும் ஒரு பொருள். அது ஓடவும் கூடியது என்பதே அவனுக்குத் தோன்றியிருக்காது. கொழும்பிலிருந்து வந்து இறங்கி, தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு கதறியவன், இரவல் பெஞ்சுகள் வந்து இறங்கியபோது இஸ்தோப்புப் பக்கம் பார்த்து, “பைக்கு மேல இடிச்சிராதீங்க” என்றான். அன்டன்தான் பெஞ்சை விலக்கிப் போட்டான்.

நிரோஷன் பிளக்கைத் திரும்பப் பொருத்திக்கொண்டு, கருமாதிக்குச் சொல்ல வட்டகொடைக்கும் வட்டவளைக்கும் அந்தப் பைக்கில்தான் அலைந்தான். ஒரே உதையில் அது கிளம்பும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜெயந்தினி குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கருமாதி முடிந்து மறுநாள் காலை அவன் கொழும்புக்குக் கிளம்பினான். பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை கூட வருவதாக அன்டன் வந்து நின்றான். நிரோஷன் அவன் தோளில் கை போட்டான்.

“நீ அப்பாவச் சொமந்தத மறக்க மாட்டேன்டா. அந்தப் பேட்டரி விசயத்துல நான் ஏதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காத.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே.” அன்டன் தரையைப் பார்த்தான்.

“இரு, ஒரு வேலை மிச்சம்.”

நிரோஷன் பைக்குக்குப் பக்கத்தில் குந்தினான். ரப்பர் மூடியை இழுத்தான். பயணப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து இரண்டு திருப்புத் திருப்பி, பிளக்கை வெளியே எடுத்தான். ஊதினான். சட்டையில் துடைத்தான். “எத்தன பேரு வந்து போன வீடு! ஒரு போல்ட்டு கூடப் போகல பாத்தியா?” என்று ஜெயந்தினியிடம் சொன்னான். “இனி நீ தனியா வேற இருக்கப் போற. ஒரு பழைய துணி கொண்டா, ஓட்டைய அடைக்கணும்.”

அன்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜெயந்தினி துணி எடுக்கப் போகவில்லை. பிளக்கைச் சட்டைப் பைக்குள் போடப் போன அவன் கைக்கு முன்னால் தன் கையை நீட்டினாள்.

“என்னடி?”

“அக்கா, வேணாம்கா” என்றான் அன்டன்.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

“அன்னைக்கு மாமாவ ஏத்த மொதல்ல இந்தப் பைக்கத்தான் எடுத்தோம். அன்டன் ஒதச்சு ஒதச்சுப் பாத்தான்.” அவள் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

“அந்தப் பிளக்க இங்க வச்சிட்டுப் போங்க.”