மேசைக்கடியில் ஒரு கால்

அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அமைச்சர் என்ன பேசினார் என்பதை எல்லா நிருபர்களும்தான் எழுதுவார்கள். பேசும்போது யார் கொட்டாவி விட்டார், யார் யாருடைய தண்ணீரை எடுத்துக் குடித்தார் என்பதெல்லாம் இவர் ஒருவர் கண்ணுக்குத்தான் படும். நகரசபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் விட்ட குறட்டையில் தொடங்கிய பிழைப்பு, படிப்படியாக அவரை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. தலைக்கனமும் கூடவே வந்தது, பொய் சொல்வானேன்.

அன்று காலையும் முதல் பக்கம் அவருடையதுதான். அரசு ஆஸ்பத்திரியை மூடவே மாட்டோம் என்று மேடைக்கு மேடை முழங்கிய அமைச்சர், கதவைச் சாத்திக்கொண்டு நடத்திய கூட்டத்தில் மூடச் சொல்லிவிட்டார். தகவல் தந்தது, அமைச்சர் அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருக்கும் சொந்த அக்கா. அத்தானுக்கு வேலை போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. "என் பேரு வெளிய வராதுல்ல?" என்று கேட்டிருந்தாள். "உயிரே போனாலும் வராதுக்கா" என்று இவரும் வாய் கூசாமல் சொல்லியிருந்தார்.

காபியைக் குடித்தபடி தன் செய்தியைத் தானே ரசித்துப் படித்துக்கொண்டு வந்தவர், பாதியில் ஒரு வரிக்கு வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். 'அதைச் சொன்னபோது அமைச்சர் மேசைக்கடியில் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் தரைவிரிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.' எழுதும்போது எவ்வளவு இனித்த வரி! அந்த மேசையை அவரே பார்த்திருக்கிறார். முன்பக்கம் தரைவரை பலகை. எதிரே உட்கார்ந்தவர்களுக்குக் கால் தெரியாது. பக்கவாட்டில் ஸ்டெனோ உட்காரும் ஒற்றை நாற்காலியிலிருந்து மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னது யார் என்று கண்டுபிடிக்க அமைச்சருக்கு எந்தக் கண்ணாடியும் வேண்டியதில்லை.

அக்காவின் போன் அணைத்துக் கிடந்தது. மறுபடி மறுபடி அடித்தார். ஆசிரியர் வந்து தோளில் தட்டி, "அந்தக் கால் விஷயம் பிரமாதம்யா, ஊரே அதைத்தான் பேசுது" என்றார். இவர் மறுபடியும் அக்கா எண்ணை அடித்தார். மதியத்துக்கு மேல் வந்த செய்தி கடைசி நம்பிக்கையையும் பிடுங்கிப் போட்டது: அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுத்தவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களாம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவளிடம் எடுத்த எடுப்பிலேயே, "மன்னிச்சிடுக்கா. உன் குடும்பத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

"எதுக்கு? என் வேலை அப்படியேதான் இருக்கு."

"குறிப்பெடுத்தவங்களத் தூக்கிட்டதா சொன்னாங்களே?"

"அன்னைக்கு நான் உள்ளயே போகலடா. பல்வலின்னு டாக்டர்கிட்ட போயிட்டேன். எனக்குப் பதிலா ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணுதான் உட்கார்ந்தா. மறுநாள் சாப்பிடறப்ப சிரிச்சுக்கிட்டே எங்கிட்ட சொன்னா. அதைத்தான் உங்கிட்ட சொன்னேன்."

அப்பாடா என்று பெரிதாக ஒரு மூச்சு விட்டார். விட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது. அக்கா அதைக் கேட்டுவிட்டாள்.

"நிம்மதியாயிடுச்சா? யார்கிட்ட சொன்னேன்னு பகல் பூரா அவளை நிக்க வச்சுக் கேட்டாங்க. பக்கத்து ரூம்ல நான் வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி வரைக்கும் அவ என் பேரைச் சொல்லல."

இவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஆசிரியர். அவருடைய குரல் போனுக்கு வெளியே கேட்கிற குரல். "வேலையை விட்டுத் தூக்கினாங்களே, அதை உங்க பாணியில எழுதிடுங்க. எப்படி வெளிய போனாங்க, கையில என்ன இருந்துச்சு, எல்லாம் வேணும்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோ. கையில சாப்பாட்டு டப்பா இருந்துச்சு, திறக்கவே இல்ல. காலைல நான் போய் உண்மையைச் சொல்லிடப் போறேன். வெளிய வர்றப்ப என் கையில என்ன இருந்துச்சுன்னு நானே போன் பண்ணிச் சொல்றேன்."